பஞ்சுத் திரி

சட்டையைத் துவைக்கப் போடுவதற்கு முன்னால் பையைத் துழாவிப் பார்க்கச் சொல்லி என் மனைவி நாற்பது வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறாள். பேனாவை எடுத்துவிடுவேன், சில்லறையை எடுத்துவிடுவேன். பஞ்சு மட்டும் எப்படியோ அடியில் தங்கிவிடும். வாஷிங் மெஷினிலிருந்து வெளியே வரும்போது மொத்தத் துணியும் வெள்ளைப் பிசிறாக இருக்கும். "தோல் டாக்டருக்கு வாழ்க்கைப்பட்டா சொறியும் சிரங்கும் வரும்னு எங்கம்மா பயந்தா. பஞ்சு வரும்னு யாருமே சொல்லலை" என்பாள்.

பெரிய பஞ்சொன்றுமில்லை. ஒரு கிள்ளு கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினால் நுனி கூராகத் திரி மாதிரி வரும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு அதால் தோலைத் தொட வேண்டும். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். அவ்வளவுதான் சோதனை. மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் இதைச் செய்துகாட்டியபோது, என் திரி மட்டும் முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. "எங்கேய்யா கத்துண்டே?" என்று கேட்டார். பாட்டியிடம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

பாட்டி ஸ்ரீரங்கத்தில் தெற்கு உத்தர வீதி வீட்டு ரேழியில், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், காலை நீட்டிக்கொண்டு திரி உருட்டுவாள். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் பால். விரல் நுனியில் பாலைத் தொட்டு, முழங்காலுக்கு மேலே பஞ்சை வைத்து ஓர் உருட்டு. நான் எதிரில் உட்கார்ந்து என் பங்குக்கு உருட்டுவேன். நான் உருட்டியது வயிறு பருத்திருக்கும். "இது எரியாதுடா, புகையும்" என்று பிரித்துத் திரும்பக் கொடுப்பாள். பெருமாளுக்கு ஏற்றும் விளக்கில் புகை வரலாமா?

1965 இருக்கும். எனக்குப் பத்து வயது. பாட்டிக்கு இடது பக்கம், மார்புக்குக் கீழே தொடங்கி முதுகுவரை பட்டையாக அக்கி வந்தது. சிவந்த தடிப்பின் மேல் முத்து முத்தாகக் கொப்புளங்கள், உடம்பின் ஒரு பாதியில் மட்டும், நடுக்கோட்டைத் தாண்டாமல். ஏன் தாண்டவில்லை என்று கேட்கத் தோன்றும் வயதில்லை. சின்ன வயதில் அம்மை போட்டுவிட்டுப் போன கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில் பதுங்கியிருக்கிறது. வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது அந்த ஒரு நரம்பின் வழியாக மட்டும் இறங்கி வருகிறது. அதனால்தான் பாதி உடம்போடு நிற்கிறது. இதெல்லாம் பின்னால் படித்தது. அன்றைக்கு வீட்டில் யாருக்கும் டாக்டர் ஞாபகமே வரவில்லை. அக்கி என்றால் எழுத வேண்டும். எழுதுவது குயவர்.

திருவானைக்காவல் பக்கத்திலிருந்து வந்தார். கையில் ஒரு மண் ஓடு, அதில் நீரில் குழைத்த காவி. தென்னை ஈர்க்கின் நுனியை நசுக்கித் தூரிகை செய்திருந்தார். பாட்டி மடிக்காரி. அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை பேரன்களான நாங்களே அவளைத் தொடக் கூடாது. முற்றத்துத் தூணுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "கை படாம எழுதப்பா" என்றாள். "படாதும்மா" என்றார் அவர். முதல் நாளும் இரண்டாம் நாளும் படவில்லை. இடது கையைத் தூணில் ஊன்றிக்கொண்டு, வலது கையால் ஈர்க்கை மட்டும் ஓட்டினார். மூன்றாம் நாள் பாட்டி வலியில் சற்று முன்னால் சரிந்தாள். அவர் தன்னையறியாமல் இடது உள்ளங்கையை அவள் தோளில் வைத்து நிறுத்தினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. எழுதி முடிக்கிறவரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

தோல் படிக்கப் போன பிறகு கேலமைன் லோஷன் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்ததை ஒருநாள் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். துத்தநாக ஆக்ஸைடு, கூடவே துளி இரும்பு ஆக்ஸைடு. அந்த ரோஜா நிறமே இரும்பினுடையது. குயவர் குழைத்து வந்த காவியும் இரும்பு ஆக்ஸைடுதான். ஈரத்தோடு பூசினால் காயும்போது குளிரும், கசிவை உறிஞ்சும், நமைச்சல் கொஞ்சம் மட்டுப்படும். கிருமியை இரண்டுமே ஒன்றும் செய்யாது. கொப்புளம் தானாகத்தான் இரண்டு மூன்று வாரத்தில் காயும். ஆங்கில வைத்தியத்தைப் படித்துவிட்டு வந்து குயவரைப் பார்த்துச் சிரிப்பவர்களிடம் இந்தப் பாட்டில் கதையைச் சொல்வேன். அதே மூச்சில், அக்கி எழுதப் போகிறேன் என்று வந்து நிற்பவர்களிடம் "எழுதிக்கோங்கோ, ஆனா மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிங்கோ" என்றும் சொல்வேன். அசைக்ளோவிர் வகை மாத்திரையைத் தடிப்பு கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். மூன்று நாள் எழுதி முடித்துவிட்டு நான்காம் நாள் வந்தால் கெடு தாண்டிவிட்டது.

பாட்டி காலத்தில் அந்த மாத்திரை பிறக்கவே இல்லை. கொப்புளம் காய்ந்து, காவி உதிர்ந்து, தழும்பு வெளுத்த பிறகும் அவளுக்கு வலி போகவில்லை. அந்தப் பக்கத்தில் புடவைத் தலைப்பு உரசினால் துடிப்பாள். திரி உருட்டும்போது மடியிலிருந்து ஒரு பிசிறுப் பஞ்சு பறந்து அங்கே ஒட்டினால்கூட முகம் சுருங்கும். "பஞ்சு பட்டா நெருப்புப் பட்ட மாதிரி இருக்குடா." நான் நம்பவில்லை. பஞ்சு எப்படிச் சுடும்?

நெருப்பு பஞ்சு மாதிரி இருக்கும் என்பதையும் பின்னால் ஒருத்தரிடம் பார்த்தேன். அதற்கு வருகிறேன்.

நான் படித்தது சென்னையில். திருச்சியில் அப்போது மருத்துவக் கல்லூரி கிடையாது. கி.ஆ.பெ. விசுவநாதம் பேரில் இங்கே கல்லூரி வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். எங்கள் பேராசிரியர் ஒருவர் தேமலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கூப்பிடுவார். புத்தகத்தில் இத்தாலிக்காரர் சாப்பாட்டின் பேர் போட்டிருக்கும். எங்களில் யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. அவர் சொல்வார்: "சேமியா ஜவ்வரிசிப் பாயசம் தெரியறதா? நீளமா இருக்கிறது சேமியா, உருண்டையா இருக்கிறது ஜவ்வரிசி. பாயசம் தெரிஞ்சா தேமல்." அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அந்தப் பாயசத்தை நான் நிம்மதியாகக் குடித்ததில்லை.

அவரே இன்னொன்றும் சொல்வார். தோல் நோயைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம், மனுஷனின் சட்டையைக் கழற்றினால் போதும், அது ஒன்றைத்தான் யாரும் செய்வதில்லை என்று. சிரித்தோம்.

1984இல் தில்லை நகரில் ஒரு மாடியில் போர்டு மாட்டினேன். சாயங்காலம் ஐந்திலிருந்து. திருச்சி ஊர் எதில் பிழைக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தோல் டாக்டர் வாசலில் உட்கார்ந்தால் போதும். பொன்மலைப் பட்டறையிலிருந்தும் பாய்லர் தொழிற்சாலையிலிருந்தும் வருகிறவர்களுக்கு முன்கையிலும் தொடையிலும் கறுப்புக் கறுப்பாகக் குருக்கள். கடைசல் எண்ணெயில் ஊறிய துணி உரசும் இடமெல்லாம் மயிர்க்கால் அடைத்துக்கொண்டிருக்கும். கொத்தனார் கையில் சிமெண்ட் கரப்பான், வெடித்து வெடித்து. நாற்று நடுகிற பெண்களுக்கும், நாளெல்லாம் தண்ணீரில் நின்று பாத்திரம் தேய்ப்பவர்களுக்கும் சேற்றுப்புண். மாசி பிறந்து சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கினால், வெயிலோடு அம்மையும் வரும். அம்மை வந்தவர்கள் என்னிடம் வர மாட்டார்கள், அவர்களுடைய டாக்டர் சமயபுரத்தில் இருக்கிறாள். இறங்கிய பிறகு தழும்புக்கு மட்டும் வருவார்கள்.

காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிற நோய்க்குத் தனி லட்சணம் உண்டு. நெற்றியில், திருமண்ணுக்கு நடுவே, ஸ்ரீசூர்ணம் இட்டுக்கொள்ளும் ஒற்றைக் கோட்டில் அரிப்பு. முதலில் சிவப்பு, அப்புறம் பொருக்கு, விடாமல் இட்டால் கறுப்பு. நடுவே ஒரு கோடு மட்டும் கறுத்த நெற்றியைப் பார்த்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். "கொஞ்ச நாள் இட்டுக்க வேண்டாம்" என்று ஒரு பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். எழுந்து போகாத குறை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து வீட்டில் செய்த காலத்தில் இந்த அளவுக்கு வம்பு இல்லை; கடையில் விற்கும் பொட்டலத்தில் நிறத்துக்கு என்ன சாயம் கலக்கிறார்கள் என்று யார் கண்டது? கடைசியில் அவர் மாட்டுப்பெண்ணே பழைய முறையில் மஞ்சளை இடித்துச் செய்துகொடுத்தாள். நெற்றி ஆறியது. என் பேரில் ஊரில் பேர் வந்தது. மருந்து எழுதினவள் அவள்.

இங்கே மேனிக்குக் காட்டும் அக்கறையை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கும். பெரிய பெருமாள் சுதைத் திருமேனி, அபிஷேகம் கிடையாது, தைலக்காப்புதான். ஆனியில் ஜ்யேஷ்டாபிஷேகம் ஆனபின் காப்பிட்டால், உலர்கிறவரை வாரக்கணக்கில் முகம் மட்டுந்தான் சேவை. உடையவர் சந்நிதியில் தானான திருமேனிக்கு வருஷத்தில் இரண்டு தடவை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்த்துச் சாத்துகிறார்கள். இதே ஊரில் பாட்டி எனக்கு மாறனேர் நம்பி கதையும் சொல்லியிருக்கிறாள். ஆளவந்தாருக்கு ராஜபிளவை வந்தபோது, அந்த நோவை எனக்குப் பிரசாதமாகத் தாரும் என்று கேட்டு வாங்கிக்கொண்ட சிஷ்யர். பிளவை என்றால் பல வாய் வைத்த கட்டி, சர்க்கரை நோய்க்காரர்களுக்கு முதுகிலும் பிடரியிலும் வரும், ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் கேட்டு வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது நோய் இடம் மாறியது அல்ல. நம்பி தாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவர் காலமானபோது பிராமணரான பெரிய நம்பி தன் கையால் தொட்டுச் சரமக் கிரியை செய்தார். ஊர் அவரைத் தள்ளிவைத்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டியின் குரல் கம்மும். குயவர் கை அவள் தோளில் இருந்த அந்தச் சாயங்காலத்தை அவள் நினைத்துக்கொண்டாளா என்று நான் கேட்டதில்லை.

1994. ஒரு சமையல்கார மாமா வந்தார். ஸ்ரீரங்கத்தில் கல்யாணம், சதாபிஷேகம் எல்லாவற்றுக்கும் தளிகை அவர்தான். அவர் அக்காரவடிசலுக்கென்றே முகூர்த்தத்தைத் தள்ளிவைத்தவர்கள் உண்டு. டாக்டரிடம் போகிறோம் என்று மரியாதைக்காகச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். இடது முன்கையில் வெளுத்த வட்டம், நாலணா அளவு. "தேமல்தானே, டாக்டர் ஸ்வாமி?" என்று அவரே சொன்னார். நானும் ஆமாம் என்றேன். அன்றைக்கு வெளியே முப்பது பேர். ஒரு களிம்பு எழுதினேன். பாயசம் பார்க்கவில்லை. பையில் பஞ்சு இருந்தது, எடுக்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு சதாபிஷேகம். கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். அடுப்பில் பெரிய உருளி. மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெற்றுடம்போடு நின்று, வலது கையால் அக்காரவடிசலைக் கிண்டிக்கொண்டே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். இடது கை சும்மா இருந்தது. சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரத்தை, திண்ணை விளிம்பில் கை வைக்கிற மாதிரி, உருளி விளிம்பில் சாய்த்திருந்தார். கரித்துணி தோளில் இருந்தது. நெய் வாசனைக்கு நடுவே வேறொரு வாசனை வந்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை.

"மாமா, கை!" என்று கத்தினேன். நிதானமாக எடுத்துப் பார்த்தார். தோல் வெந்து வெள்ளையாகச் சுருண்டிருந்தது. "ஓ, பட்டுடுத்தா? அடுப்படிக் கை, காய்ச்சுப் போச்சு" என்று சிரித்தார். கூட இருந்த பையன்கள் பெருமையாகச் சொன்னார்கள்: "மாமாவுக்குச் சூடே தெரியாது, ஸார். வெறுங்கையாலே வாணலியைத் தூக்குவார்."

அவர் திரும்பியபோது முதுகைப் பார்த்தேன். வெளுத்த வட்டங்கள், ஏழெட்டு. தினமும் அந்தப் பையன்கள் பார்க்கிற முதுகு. ஊரில் எல்லோரும் பார்த்த முதுகை டாக்டர் மட்டும் பார்க்கவில்லை.

அங்கேயே ஸ்டோர் ரூமில், வாழை இலைக் கட்டுகளுக்கு நடுவில் அவரை உட்காரவைத்தேன். பையில் கைவிட்டேன், பஞ்சு இருந்தது. கண்ணை மூடச் சொன்னேன். வலது கையில் தொட்டேன், காட்டினார். இடது கட்டைவிரலில் தொட்டேன், காட்டினார். சுண்டுவிரலில் தொட்டேன். காத்துக்கொண்டிருந்தார். முன்கை வட்டத்தில் தொட்டேன், முதுகில் ஒவ்வொன்றாகத் தொட்டேன். சற்று நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, "ஆரம்பிச்சாச்சா, ஸ்வாமி?" என்று கேட்டார்.

முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் விரலை வைத்தால், இடித்துக்கொள்ளும்போது சுரீர் என்று ஓடும் நரம்பு உருளும். அவருக்கு அது கயிறு மாதிரித் தடித்திருந்தது.

தொழுநோய்க் கிருமியை ஹான்சென் கண்டுபிடித்தது 1873இல். அதற்கு உடம்பில் சற்றுக் குளிர்ச்சியான இடங்கள் பிடிக்கும், நரம்பு பிடிக்கும். முதலில் போவது சூடு குளிர் தெரிகிற உணர்ச்சி, கூடவே மெல்லிய தொடுகை. வலிக்காது, அரிக்காது. என் வாசலில் வந்து நிற்கிறவர்களில் பாதிப்பேர் அரிப்பு தாங்காமல் வருகிறவர்கள். அரிக்காத நோய்க்கு யார் அவசரப்படுவார்கள்? மூன்று மருந்து சேர்ந்த கூட்டு சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் எண்பதுகளின் தொடக்கத்தில் கொண்டுவந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாத்திரை அட்டை இலவசம். ஆரம்பித்த சில நாளிலேயே அடுத்தவருக்குப் பரவுவது நின்றுவிடும். இதை எல்லாம் சொன்னேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "ரத்தக்கண்ணீர் வியாதியா?"

அந்தப் படம் 1954இல் வந்தது. எம்.ஆர். ராதா அதற்கு முன்பே மேடையில் அதை ஊர் ஊராக நடித்தவர். கடைசிக் காலத்தில் எங்கள் திருச்சியில்தான், சங்கிலியாண்டபுரத்தில் இருந்தார். 1979இல் இங்கேதான் காலமானார். அவருடைய நடிப்பை நான் கைதட்டிப் பார்த்தவன். ஆனால் தோல் டாக்டராக எனக்கு அந்தப் படத்தோடு தீராத வழக்கு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் எத்தனையோ பேருக்கு இந்த நோயின் முகம் அந்த முகம்தான். இந்த நோயின் காரணம் அந்தக் கதாநாயகன் பண்ணின பாவம்தான். ஒரு தப்பும் செய்யாத மனுஷன் என் எதிரே வாழை இலைக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, தான் எங்கே தவறினோம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். தொழுநோய் ஆஸ்பத்திரியான ஃபாத்திமா நகர் ஹான்சனோரியத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பேர் ஊருக்கெல்லாம் தெரியும், பஸ்ஸில் பார்த்தால் சேதி வந்துவிடும், என்னிடமே வருகிறேன் என்றார்.

இரண்டு வருஷம் சாப்பிட வேண்டியிருந்தது அப்போது. பின்னால்தான் அதை 12 மாதமாகக் குறைத்தார்கள். நரம்புக்குத் தனியாக ஸ்டீராய்டு. மூன்று மருந்தில் க்ளோஃபசிமின் என்று ஒன்று, தோலைச் செம்புக் கறுப்பாக்கிவிடும். நல்ல சிவப்பு மனிதர் ஆறே மாதத்தில் அடையாளம் தெரியாமல் கறுத்தார். சந்நிதியில் யாராவது கேட்டால், "அடுப்பு ஸ்வாமி, அடுப்பு" என்பார். ஸ்ரீரங்கம் நம்பியது. நிறுத்தின பிறகு மெல்ல மெல்லப் பழைய நிறம் திரும்பியது. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் மடங்கினபடியே நின்றுவிட்டது. நான் முதல் நாளே பஞ்சை எடுத்திருந்தால் மடங்கியிருக்காது. இதை அவரிடம் ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர், "தேமல்னு சொன்னது அடியேன்தானே" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது: கை சொல்லாது, கண்ணால் பார்த்துப் பிடியுங்கள். கரித்துணியை இடது மணிக்கட்டில் சுற்றி முடிந்துகொண்டார். அதற்கப்புறம் பதினைந்து வருஷம் சமைத்தார். அந்தத் துணியை ஒரு ஸ்டைல் என்று நினைத்து அவர் சிஷ்யப் பிள்ளைகளும் சுற்றிக்கொண்டார்கள். இன்றைக்கும் ஸ்ரீரங்கத்துக் கல்யாணச் சமையல்கட்டில் ஒன்றிரண்டு பேர் மணிக்கட்டில் துணி முடிந்திருப்பதைப் பார்க்கிறேன். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

2005 டிசம்பரோடு நாட்டில் இந்த நோய் பத்தாயிரம் பேரில் ஒருவர் என்ற கணக்குக்குக் கீழே இறங்கிவிட்டது என்று அறிவித்தார்கள். நல்ல சேதிதான். ஆனால் அதற்குப் பிறகு தேட வேண்டும் என்ற நினைப்பே போய்விட்டது. படித்து வருகிற பிள்ளைகள் முகப்பருவும் முடி நடுவதும் நன்றாகச் செய்கிறார்கள். பையில் பஞ்சு இல்லை. இப்போது என்னிடம் வருவதில் முக்கால்வாசி படர்தாமரை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கின நாலு மருந்து கலந்த க்ரீமைப் போட்டுப் போட்டு, வட்டத்தின் கரை அழிந்து, தொடையெல்லாம் தேசப்படம் வரைந்தது மாதிரி. அதிலிருக்கும் ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், பூஞ்சையைச் சோறு போட்டு வளர்க்கும். 2018இல் சட்டம் வந்தது, சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று. சட்டம் இருக்கிறது, க்ரீமும் கிடைக்கிறது. சிலர் தொடையை போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பி, "என்ன க்ரீம் போடலாம்?" என்கிறார்கள். நிறம் தெரிகிறது. ஒரு வெளுத்த வட்டத்தின் போட்டோ வந்தால் மட்டும் நேரில் வரச் சொல்லிவிடுவேன். அலுத்துக்கொண்டே வருவார்கள்.

2021இல் எனக்கே அக்கி வந்தது. இடது பக்கம், பாட்டிக்கு வந்த அதே இடம். முதல் கொப்புளம் கிளம்பிய அன்றைக்கே மாத்திரையைத் தொடங்கிவிட்டேன். மனைவி கேலமைன் பூசினாள். காயும்போது அந்த ஓட்டின் ஈரக் காவி வாசனை வந்த மாதிரி இருந்தது, வந்திருக்க வாய்ப்பில்லை. மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. பாட்டியின் வலி வரவில்லை. நான் அதற்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் ராத்திரி, பெருமாள் அலமாரியிலிருந்து ஒரு திரியை எடுத்துவரச் சொல்லிச் சட்டையைக் கழற்றினேன். கண்ணை மூடிக்கொண்டேன். தோளில் தொட்டாள், சொன்னேன். வலது பக்கம் தொட்டாள், சொன்னேன். அப்புறம் ஒன்றும் இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்.

"ஆரம்பி" என்றேன்.

"ஏன்னா, தொட்டுண்டுதான் இருக்கேன்."